மைக்கில் சொல்லாத வார்த்தை

எங்கள் பேருந்து நிலையத்தில் மைக்கக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் தொலைத்த பை யாரிடம் கிடைத்தது என்று விசாரணை அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் இருந்துவிட்டுப் போனார். வண்டிகள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் நேரக்காப்பாளன் நான். பக்கத்து மேஜை. நடுவில் ஒரு விசிறி. அது யார் பக்கம் திரும்புவது என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஒரே சண்டை.

அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. பல்லியைக் கண்டால் பயம், மேலாளரைக் கண்டால் பயம், திடீரென்று அடிக்கும் தொலைபேசிக்குப் பயம். ஆனால் மைக் முன்னால் குரல் துளிகூடப் பிசகாது. கேட்கிறவர்கள் என்னமோ பெரிய தைரியசாலி என்று நினைத்துக்கொள்வார்கள். மேஜைக்கு அடியில் முழங்கால் இரண்டும் தந்தி அடிப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது மகனுக்கு ஒன்றரை வயது. மதியம் நாத்தனார் அவனைத் தூக்கிக்கொண்டு வருவாராம். பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்து அக்கா பால் கொடுப்பார். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "டிங்கா வேணும், டிங்கா குடு" என்று அவன் போட்ட கூச்சல் பன்னிரண்டு மேடையிலும் கேட்டது. பால் குடிப்பதற்கு அவனாக வைத்துக்கொண்ட பெயர் அது. பிறகு ஒரு மாதம், ஓட்டுநர்கள் சன்னலில் தலையை நீட்டி, "அக்கா, டிங்கா போற வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டு அவர் உயிரை எடுத்தார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். இன்னொன்றைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. காணாமல் போன ஒரு பெண்குழந்தை, இரண்டு வயது இருக்கும். ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஒரு பெண் வந்தாள். கவுன் நிறம் சொன்னாள், கையில் கிடந்த வளையலைச் சொன்னாள். அக்கா கொடுத்துவிட்டார். அந்தக் குழந்தை போகும்போது அவள் கழுத்தடியைப் பிடித்து இழுத்து, ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதது. அவளோ அதன் வாயில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டே நடந்தாள். "அவளுக்கு அந்தச் சொல்லு புரியவே இல்ல தம்பி. நான் அவ முகத்தப் பாத்தேன்" என்பார் அக்கா. அதற்குப் பிறகு குழந்தையைக் காணோம் என்று யாரும் வரவில்லை. சித்தியாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அது தெரியாமலே எத்தனையோ வருடம் ஓட்டிவிட்டார்.

அதிலிருந்துதான், பால் குடிக்கப் பிள்ளை என்ன சொல்லும் என்று அக்கா கேட்கும் அந்தக் கேள்வி. இரண்டு வயசுப் பிள்ளைக்குத் தன் பெயர் சொல்லத் தெரியாது, அப்பா பெயர் தெரியாது. ஆனால் பசியும் பயமும் சேர்ந்தால் அந்த ஒரு வார்த்தை மட்டும் பளிச்சென்று வரும். வீட்டுக்கு வீடு வேறு. ஒருவன் லப்பு என்பான். அம்மா கழுத்தில் எப்போதும் சாவி தொங்குமோ என்னவோ, ஒருத்தி சாவி வேண்டும் என்று அழுதாள். இன்னொருவன் அதற்கு வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. பாலை மறக்கடிக்க அவன் அம்மா எத்தனை தடவை நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லியிருப்பாளோ. அக்கா காதைக் கொடுத்துக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்துவைப்பார். மற்ற எல்லாம் மைக்கில் போகும். அது மட்டும் போகாது. பிள்ளையைக் கேட்டு வருகிறவர் அதைச் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் காலை பதினொன்றேகால் தாண்டியிருக்கும். துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் ஒரு பையனைக் கொண்டுவந்து மேஜைமேல் உட்காரவைத்தார். மஞ்சள் சட்டை, நெஞ்சில் வாத்துப் படம், இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். அழவில்லை. அக்காவின் மேல் பொத்தானைப் பிடித்துத் திருகி, "மிப்பி" என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "மிப்பி." அக்கா எழுதிக் கவிழ்த்துவைத்துவிட்டு அறிவித்தார். மச்சத்தைக்கூட விடாமல் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் ஒருவன் சன்னலுக்கு ஓடிவந்தான். முப்பது வயது இருக்கும், வியர்வையில் நனைந்திருந்தான். "என் பையன்ங்க. மஞ்சச் சட்டை, வாத்துப் போட்டது. காதுக்குக் கீழ மச்சம் இருக்கும்."

எல்லாம் சரிதான். எல்லாம் அக்காவே மைக்கில் சொன்னவைதான். போனில் படம் வைத்துக்கொண்டு திரியாத காலம் அது, காட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. பையன் அவனைப் பார்த்தான். தாவவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை.

"பையன் பால் குடிக்கறதுக்கு என்ன சொல்லுவான்?" என்றார் அக்கா.

"பால்னுதான் சொல்லுவான்."

"டம்ளர் பால் இல்லீங்க. அம்மாகிட்டக் குடிக்கறது."

அவன் முகம் சிவந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு கேள்வியாங்க? பையனக் குடுங்க."

"வீட்டுல ஏதாவது பேர் வெச்சிருப்பான். அதச் சொல்லுங்க, குடுத்துடறேன்."

அவன் யோசித்தான். யோசித்ததுதான் தப்பு. "மம்மம்... இல்ல, பாப்பு" என்றான். அக்கா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல். பதினொன்றரை வண்டிகள் குறிக்காமல் கிடக்கின்றன. "அக்கா, மச்சம் வரைக்கும் சொல்றாரு, குடுத்து அனுப்புங்க" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்குள் சன்னலில் கூட்டம். எவனோ ஒருவன், "பிள்ள பிடிக்கிறவன்டா" என்றான். அந்த ஒரு சொல் போதும். ஒரு கை அவன் காலரைப் பிடித்தது, இன்னொரு கை கன்னத்தில் விழுந்தது. இவன் திருடனாக இருந்தால் பிள்ளை போய்விடும். அப்பனாக இருந்தால், அக்கா கேட்ட கேள்வியால் அவனை எங்கள் வாசலிலேயே அடித்துக் கொன்றுவிடுவார்கள்.

அக்காவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தார், அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார், தாழ்ப்பாள் போட்டார். யாரைச் சந்தேகப்படுகிறாரோ அவனோடே தன்னையும் பூட்டிக்கொண்டார், இடுப்பில் பையனோடு. வெளியே கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்காவின் முழங்கால் ஆடியது. எனக்கும் ஆடியது, அதைப் பற்றி இப்போது என்ன வெட்கம்.

"அம்மா எங்க?" என்றார் அக்கா.

"வண்டியில எடம் பிடிச்சு உக்காந்திருக்கா. ஒம்பதாவது மேட. தலையில பச்சைத் துணி கட்டியிருப்பா." அவன் உதட்டில் ரத்தம். "தண்ணி வாங்கப் போனேன். சில்லறை எண்ணக் கைய விட்டேன், அவ்வளவுதான். அவளுக்கு இன்னும் தெரியாதுங்க. எந்த முகத்தோட போய்ச் சொல்றதுன்னு நேரா இங்க வந்துட்டேன்."

ஒன்பதாம் மேடை ஒலிபெருக்கி கெட்டு இரண்டு மாதம் ஆகிறது. அங்கே நிற்கும் வண்டி பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பும். அப்போது மணி பதினொன்று முப்பத்தாறு.

"தம்பி, நீ போ" என்றார் அக்கா.

"உங்கள இவனோட தனியா விட்டுட்டா?"

"போ."

அவன் சொல்வது பொய் என்றால், என்னை வெளியே கிளப்பத்தான் சொல்கிறான். பின்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு, பொருட்கள் அறைக்குப் போவது. அது வழியாக நான் போகலாம் என்றால் அவனும் போகலாம், பிள்ளையோடு. இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் ஓடினேன். அவ்வளவு பயத்தோடு என் வாழ்நாளில் நான் ஓடியதில்லை.

வண்டி பின்னால் நகரத் தொடங்கியிருந்தது. விசிலை ஊதிக்கொண்டே பக்கவாட்டில் ஓடினேன். பச்சைத் துணி கட்டிய ஒரு பெண் சன்னலோரம் உட்கார்ந்து, "என் வீட்டுக்காரர் வரணும், நிறுத்துங்க" என்று நடத்துநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நின்றது. மூச்சு வாங்க அவளிடம் என்ன கேட்டேன் தெரியுமா?

"அம்மா, உங்க பையன் உங்ககிட்டப் பால் குடிக்க என்னன்னு கேப்பான்?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "செருப்பு பிஞ்சிடும்" என்றாள்.

"பையன் தொலைஞ்சு போய்க் கெடச்சுட்டான்மா. எங்ககிட்ட இருக்கான். நீங்கதான் அம்மான்னு எங்களுக்குத் தெரியணும்."

அவள் முகம் அப்படியே வெளுத்ததைப் பார்த்தேன். வண்டி நிறைய ஆம்பிளைகள். அவள் யாரையும் பார்க்கவில்லை. "மிப்பி" என்றாள். "மிப்பின்னுதான் கேப்பான். எங்க அவன்?" என்று கேட்டுக்கொண்டே பையைக்கூட எடுக்காமல் இறங்கிவிட்டாள்.

அப்படியானால் உள்ளே இருப்பவன் அப்பன். அந்த நினைப்பு வந்தபோதுதான் பயம் இரண்டு மடங்கானது. கூட்டம் கதவை உடைத்திருந்தால்?

உடைக்கவில்லை. சன்னல் கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். அக்கா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் பையன். ஒரு கையில் மைக். "பையனோட அம்மா வந்துட்டு இருக்காங்க, எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. நான் போன நிமிடத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பின்கதவு வழியாக நாங்கள் நுழைந்ததும் பையன் அம்மாவிடம் தாவினான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து துணியால் மூடிக்கொண்டாள். கூட்டத்துக்கு இனி பார்க்க ஒன்றும் இல்லை, கலைந்தது. கன்னத்தில் அறைய வந்தவர்கள்தான் முதலில் நழுவினார்கள்.

அக்கா அவன் முன்னால் போய் நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா நாளைக்கு யார் வந்தாலும் இதையேதான் கேப்பேன்."

"கேளுங்க." அவன் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "நான் வெளியூர்ல வேலைங்க. இவன் பொறந்து பத்து நாள்ல போனவன், முந்தாநாள்தான் வந்தேன்." பிறகு மனைவியின் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்னை என்னன்னு கூப்பிடுவான்னு கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது. இன்னும் கூப்பிடலங்க."