திட்டு வாங்கும் மேஸ்திரி

எத்திராஜ் மறுபடியும் ஆகாத இடத்தில் விரலை நீட்டுகிறார். பெல்ட்டைக் கழற்றிவிட்ட மெஷின், பயமில்லை. எதிரே நிற்கும் சொக்கம்மாள் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. அவர் கையில் பளாரென்று ஒன்று வைக்கிறாள்.

"கைய எடுய்யா, கஸ்மாலம். குச்சி எதுக்குக் கீது?"

"இன்னாமே, காலைல துன்னலியா? சத்தமா திட்டு" என்கிறார் எத்திராஜ், பரம திருப்தியோடு.

திருவொற்றியூரில் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் கம்பெனி அது. மூடி அச்சில் சிக்கினால் மரக்குச்சியால் தள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு விரல்தான் முதலில் போகும். அதனால் எத்திராஜ் தானே தப்பாகச் செய்துகாட்டி, அவர்களிடம் திட்டு வாங்குகிறார். "திட்டு வாங்குனவன் மறந்துடுவான் நைனா, திட்னவ மறக்கமாட்டா" என்று, அங்கே கணக்கு எழுதச் சேர்ந்த எனக்கு விளக்கினார். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் எனக்கு ஏன் மறந்துபோயிற்று என்பது அப்போதுதான் புரிந்தது.

போன வருஷம் ஆபீஸ்காரர்கள், 'விரலை விடாதே, குச்சியால் தள்ளு' என்று எழுத்தும் படமுமாகப் பெரிய அட்டை ஒன்றை மாட்டினார்கள். ஆயுதபூஜை வந்தது. மெஷினுக்குப் பூசிய கையோடு அட்டைக்கும் சந்தனம் குங்குமம் அப்பிவிட்டார்கள். அதன்பின் தினமும் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுப் போய், வழக்கம்போல் விரலை விட்டார்கள். கோவிந்தம்மாவின் சுண்டுவிரல் நசுங்கியது. தகடு தூக்கும் ஆளான எத்திராஜ்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாராம். இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்தது அன்றுதான். மேஸ்திரி என்பதுகூட பெண்களாக வைத்த பெயர்தான்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிறார். ராயபுரத்தில் வாடகை சைக்கிள் கடைக்கு எதிரே நின்று, புதிதாக ஓட்டுகிறவர்கள் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்று பார்ப்பார். தூக்கிவிடமாட்டார். விழுந்தவர் கோபித்தால், "விய்ந்தது தெரியும். ஏன் விய்ந்தேன்னு தெரியுமா?" என்று பக்கத்திலேயே குந்திக்கொண்டு கேட்பார். இரண்டு முறை உதை வாங்கியிருக்கிறார்.

புதிய ஆட்களைப் பழக்குவதற்கென்றே ஒருவரை நியமிக்கக் கம்பெனி முடிவு செய்தது. மானேஜருக்குப் படித்த ஆளைப் போட ஆசை. சனிக்கிழமை ஐந்து புதுப் பெண்களும் பிசகில்லாமல் ஓட்டிக் காட்டினால் வேலை எத்திராஜுக்கு, இல்லையென்றால் ஆயுசுக்கும் தகடு தூக்க வேண்டியதுதான்.

நாலு பேர் நன்றாகவே ஓட்டினார்கள். கடைசியாக வந்த சொக்கம்மாளுக்குப் பத்தாவது மூடி சிக்கிக்கொண்டது. பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மானேஜர், "இது என்ன பிரமாதம்" என்று விரலை நீட்டினார்.

பளார்.

"கைய எடுய்யா, கஸ்மாலம். குச்சி எதுக்குக் கீது?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ பெல்ட்டைத் தள்ளிவிட, மெஷின் நின்றது. மானேஜர் சிவந்துபோன கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் ஐந்தும் இருந்தன.

எத்திராஜ் ஓடிவந்தார். காலில் விழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ புதுப் பெண்கள் உட்கார்ந்து பழகும் முக்காலியை மெஷின் முன்னால் இழுத்துப் போட்டு, தோள் துண்டால் அதைப் பதமாகத் துடைத்து, "குந்துங்க சார்" என்று மானேஜருக்குக் கை காட்டினார்.