கரையைக் கடைசியில் வரைந்தவர்

தேவிகாபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தவள், திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஆரணிக்குத் திரும்பினேன். பஸ் நிலையத்துச் சுவரில் பசை காயாத ஒரு சுவரொட்டி. கறுப்புக் கட்டத்துக்குள் மரகதம் அக்காவின் முகம். படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டேன். மேலே இருந்த வரியைப் படித்ததும் பையை மறுபடி தூக்கிக்கொண்டேன். ‘ஈழ அகதி மரகதம் அம்மையாருக்குக் கண்ணீர் அஞ்சலி.’

அந்த வரியில் ஈழமும் தப்பு, அகதியும் தப்பு. கண்ணீரை நான் நம்பவில்லை. செத்தவர் யார் என்றுகூட விசாரிக்காமல் அச்சடித்து, விடிவதற்குள் ஒட்டியும் முடித்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு வாடகை வீடு பிடித்துக் கொடுக்க இந்த ஊரில் யாருக்கும் இத்தனை வேகம் வரவில்லை.

அக்காவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தோற்றுப்போன பிள்ளைகளைத் திரும்பப் பரீட்சைக்கு உட்கார வைக்கும் எங்கள் டுடோரியலில் நான் கணக்கு, அவர் பூகோளமும் வரலாறும். அவரிடம் படித்துத் தேறியவர்கள் பாங்கியில் இருக்கிறீர்கள், தாலுகா ஆபீசில் இருக்கிறீர்கள், பட்டுக் கடைகளில் கல்லாவில் இருக்கிறீர்கள். சாவுக்கு எத்தனை பேர் வந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அவர் இலங்கையின் நடுமலையில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே தோட்டப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அறுபத்து நான்கில் இரண்டு நாட்டு அரசுகளும் உட்கார்ந்து, மலையில் இருந்த தமிழரை இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. அக்காவும் அவர் தாயும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். தம்பி இராமையா அந்தப் பக்கத்துப் பங்கில் நின்றுவிட்டான். எழுபதுகளின் தொடக்கத்தில் தாயும் மகளும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். இந்தியக் குடிமக்கள் என்று கையில் பாஸ்போர்ட்டோடுதான் இறங்கினார்கள். சர்க்கார் அவர்களுக்கு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’.

இந்தப் பெயரைக் கேட்டால் அக்கா சிரிப்பார். “திரும்புறதுன்னா போன எடத்துலேருந்துதானங்க திரும்பணும்? நான் எங்க போனேன்? பொறந்த எடத்துல சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன். என்னய ஏத்தி அனுப்பிட்டு, திரும்பிட்டான்னு எழுதிக்கிட்டாங்க.”

காகிதத்தில் பூர்வீகம் பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம் என்று இருந்ததால்தான் அவர்களை இந்த வட்டாரத்துக்கு அனுப்பினார்கள். காப்பித் தோட்டக் காலத்தில் அக்காவின் பாட்டனார் அங்கிருந்து புறப்பட்டுப் போனாராம். ராமேஸ்வரம் வரை நடை, கடலைத் தாண்டி மன்னாரிலிருந்து காடு வழியே மறுபடியும் நடை. கூட வந்தவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் வழியிலேயே விழுந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் மலையேறிக் காப்பி நட்டார்கள். காப்பிக்கு நோய் வந்து அழிந்தபின் தேயிலை நட்டார்கள். வகுப்பில் இதை அவர் சொல்லும்போது தேர்வுக்கு வருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வராது, ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள் என்பார்.

அந்தக் கிராமத்துக்கு ஒருமுறை நானும் அவரோடு போனேன். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பாட்டனார் பெயரைக் கேட்டுக்கொண்டார். அடுத்த கேள்வி, “நீங்க இன்னா ஆளுங்க?” அக்கா மறைக்காமல் சொன்னார். பெரியவர் ஊருக்கு வெளியே இருந்த காலனியைக் கையால் காட்டினார். “போனவன் போனவன்தான். இங்க இன்னா வச்சிட்டுப் போனான், கேட்டுகினு வர்றதுக்கு?” அக்கா அவரிடம் எதையும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. எனக்கு வாயில் வந்ததை நான் பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஆரணியிலும் அதே கேள்வி. வெளியே ‘வீடு வாடகைக்கு’ என்று பலகை தொங்கும், உள்ளே போய்க் கேட்டால், “நேத்துதான் ஒத்தருக்கு வாக்கு குடுத்துட்டோம்” என்பார்கள். கடைசியில் டுடோரியலுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் தாயும் மகளும் குடியேறினார்கள். தாயார் அங்கேயே இறந்தார். அக்காவும் அங்கேதான் இறந்தார். மேடையில் இதற்கு ‘ஆரணி கொடுத்த அடைக்கலம்’ என்று பெயர் சொல்கிறார்கள்.

அவர் வகுப்பில் தீவின் படம் வரைவதை நீங்கள் மறந்திருக்க முடியாது. நாமெல்லோரும் ஒரு நாட்டின் படத்தைக் கரையிலிருந்துதான் வரைவோம். வெளிக்கோட்டை முதலில் போட்டு, பிறகு உள்ளே நிரப்புவோம். அக்கா பலகையின் நடுவில் ஒரு மலையைப் போடுவார். சிவனொளிபாதமலை, எல்லா மதத்தாரும் சாமி கும்பிட ஏறும் மலை. அதிலிருந்து மேற்கே களனி, தென்மேற்கே களு கங்கை, சுற்றிச் சுற்றி வடகிழக்கே மகாவலி, பக்கத்து மலையிலிருந்து தெற்கே வளவை என்று ஆறுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு வருவார். ஆறுகள் முடிந்த இடங்களைக் கடைசியில் ஒரு கோட்டால் இணைப்பார். “ஆறு எங்க போய் முடியுதோ அங்கதான் கரை. எங்களுக்குக் கடல் தெரியாது. தண்ணி கீழ போறதுதான் தெரியும்.”

அப்படி வரைந்ததில் ஒரு குறை இருந்தது. வடக்கே மலையும் இல்லை, மலையாறும் இல்லை. அதனால் அவர் படத்தில் வடக்கு மூடாமலே கிடக்கும். தலையில்லாத தீவு என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். “நான் யாழ்ப்பாணம் போனதில்ல. தெரியாத ஊரப் பொய்யா வரையச் சொல்றீங்களா?” என்று அப்படியே விட்டுவிடுவார். எனக்கு அது கண்ணை உறுத்தும். நானே சாக்பீஸை எடுத்து மூட்டப் போவேன், கையைத் தட்டிவிடுவார்.

அந்த மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணி அடிப்பது அவர் காதில் விழாது. பனிக்காலம் போனதும் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக அதை நோக்கிப் பறக்குமாம். அணைக்கட்டு கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போய்விட்டதாம். கோடையில் நீர் வற்றினால் முழுகிய கோயில் மறுபடி வெளியே தெரியுமாம். பட்டுப்புழுக் கூட்டை வெந்நீரில் போட்டு நூலெடுக்கும் வேலை தெரிந்த நம் பிள்ளைகள், அந்தப் பூச்சிகளை யாராவது பிடிப்பார்களா என்று கேட்பார்கள். “பிடிக்க மாட்டாங்க. அதுவும் சாமி கும்புடப் போவுதுன்னு விட்டுருவாங்க” என்பார்.

எண்பத்து மூன்று ஜூலை. அங்கே தமிழர்களை வெட்டுகிறார்கள், கொளுத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. ஆரணியில் அன்றைக்குத் தறிச் சத்தமே இல்லை. கடைகள் அடைத்து, ஊர்வலம் போய், மாலையில் கூட்டம். ஊரின் ஆத்திரம் உண்மையானது, அதை நான் குறை சொல்லவில்லை. கூட்டத்தை ஏற்பாடு செய்த பட்டுக்கடைப் பிரமுகரைத்தான் சொல்கிறேன். பெயரை எழுத மாட்டேன், எழுதினால் அதையும் சுவரொட்டியில் போட்டுக்கொள்வார். அவர் டுடோரியலுக்கே வந்தார். “டீச்சரம்மா, நீங்க அந்த நாட்டுக்காரங்க. மேடைல ரெண்டு வார்த்த பேசணும். ஜனங்க அழுவணும்.”

இராமையா இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் அக்கா சோறு இறங்காமல் கிடந்த நாட்கள் அவை. போகவேண்டாம் என்றேன். “தம்பி பேரயாவது நாலு பேர் முன்னால சொல்லிட்டு வர்றேனே” என்று போனார்.

மேடையின் பின்னால் பெரிய துணியில் தீவின் படம் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வடக்கும் கிழக்கும் சிவப்பு. நடுவில் ஒன்றுமில்லை, வெறும் துணி. அக்கா மைக் முன் வந்து நின்றவர், திரும்பி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், “என் தம்பி உசிரோட இருக்கானான்னு எனக்குத் தெரியலங்க. அவன் இருக்குற மலை இந்தப் படத்துல இல்ல. எங்க ஆளுங்க லச்சக் கணக்குல இருக்குற எடம் இதுல வெறுந்துணியா இருக்கு.” கூட்டம் முணுமுணுத்தது. அவர் விரலால் துணியில் மலை இருக்குமிடத்தைக் காட்டி, ஆறுகளைக் காட்டி, வகுப்பில் சொல்வதுபோலவே தொடர்ந்தார். “இந்த மலைக்குச் சிங்களக் கெழவிங்களும் ஏறுவாங்க. குளுருல கை நடுங்கும். நாங்க பிளேன்டீ ஊத்திக் குடுப்போம். இன்னக்கி எங்கள வெட்டுறவன் வேற. அந்தக் கெழவி வேற.”

அவ்வளவுதான். “இன்னாது இது, சிங்களத்திக்கு டீ ஊத்தின கதைய பேசிகினு கீறே? எறங்கும்மா!” என்று கீழேயிருந்து ஒரு குரல். பிரமுகர் மைக்கை அக்காவின் முன்னாலிருந்து பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அக்காவின் கண்ணாடி கீழே விழுந்தது. அதை அக்காவே குனிந்து தேடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். மறுநாள் டுடோரியல் சுவரில் ‘துரோகி’ என்று கரியால் எழுதியிருந்தது. அழப் போன பெண்ணை நம் ஊர் அப்படித்தான் அனுப்பியது, ஏனென்றால் அவள் நாம் கேட்ட மாதிரி அழவில்லை.

நான் ஊரையே ஏசினேன். பிரமுகரின் கடை வாசலில் நின்று ஏசினேன். “பேஜார் பண்ணாத போம்மா” என்று கடைப் பையன்கள் விரட்டினார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் சொன்னார், “எனக்குக் கோவப்பட நேரமில்ல டீச்சர். தம்பிக்குக் கடுதாசி போடணும், பரீட்சை வருது, பாடம் முடிக்கணும். நீங்க நல்லாக் கோவப்படுறீங்க. எனக்கும் சேத்து நீங்களே பட்டுருங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி மழையின்போதுதான் இராமையாவிடமிருந்து தகவல் வந்தது. லயம் என்று அவர்கள் சொல்லும் வரிசை வீடு எரிந்துபோயிற்று. அவன் குடும்பத்தோடு தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்து பிழைத்தான். அன்றைக்கு அக்கா எனக்குப் பால் விடாத அந்தப் பிளேன்டீயைப் போட்டுக் கொடுத்தார். கையில் சர்க்கரை கொட்டி, நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும் என்றார்.

அதன்பின் வடக்கிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்கு நம் பக்கத்திலும் முகாம் வந்தது. அங்கேயிருந்து ஒரு பெண் தன் மகளை எங்கள் டுடோரியலில் சேர்க்க வந்தார். அக்காவின் பலகையில் தலையில்லாத தீவைப் பார்த்து நின்றார். “எங்கட பக்கம் ஆறு இல்லை அக்கா. வீட்டுக்கு வீடு கிணறுதான்.” அக்கா சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார். அந்தப் பெண் வடக்கே புள்ளி புள்ளியாகக் கிணறுகள் வைத்தார். தன் வீட்டுக் கிணறு, கோயில் கிணறு, பள்ளிக்கூடத்துக் கிணறு. வைத்து முடித்ததும் இருவரும் சேர்ந்து கரையை மூடினார்கள். அன்று முதல் அக்காவின் படத்தில் தீவு முழுசாக இருந்தது.

அந்த வாரம் யாரோ பேச்சுவாக்கில் அக்காவையும் அகதி என்றார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “அது அவங்க பட்டதுக்கு உள்ள பேருங்க. வீட்ட விட்டு உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடி வந்தவங்க அவங்க. அந்தப் பேர நான் எடுத்துக்கக் கூடாது. என்னயத் துரத்துனது காயிதம். அதுக்கு என்னா பேருன்னு நீங்களே தேடிச் சொல்லுங்க.”

அந்தப் பெயரைத்தான் சுவரில் ஒட்டினார்கள்.

அக்கா ஞாயிறு மாலை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தகரக் கொட்டகை வாசலில் பிரமுகர் பேசிக்கொண்டிருந்தார். “அகதியாக வந்த சகோதரியை ஆரணி மண் அணைத்துக்கொண்டது…” அக்காவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். “நிறுத்துங்க. இவங்க அகதி இல்ல. அந்தப் பேரு வேணாம்னு இவங்களே சொன்னாங்க, காதுல வாங்கினீங்களா?” என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “இன்னா டீச்சர், நல்லதுக்குத்தான போட்டோம். அகதின்னா ஜனங்களுக்கு எரக்கம் வரும்ல?” அக்கா செத்த பிறகும் பிரமுகருக்கு ஜனங்களை அழவைக்க ஆள் வேண்டியிருந்தது. தம்பிக்குத் தந்தி போயிருந்தது, ஆனால் யுத்தத்தைத் தாண்டி அவனால் வர முடியாது. அக்காவிடம் படித்த நெசவாளி ஒருவர்தான் கொள்ளி வைத்தார்.

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிய பிறகு, டுடோரியலிலிருந்து சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். சுவரொட்டியைக் கிழிக்கவில்லை, அதில் அவர் முகம் இருக்கிறது. ‘ஈழ அகதி’ என்ற இடத்தை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அதன் பக்கத்திலேயே சுவரில் முதலில் மலையைப் போட்டேன். பிறகு ஆறுகள். வடக்கே கிணறுகள். கரையைக் கடைசியில் மூடினேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர், “இன்னா டீச்சர், செவுத்துல போய் கிறுக்கிகினு கீறீங்க?” என்றார். “இது எங்க அக்கா ஊரு. எங்க இருக்குதுன்னு பாத்துக்க” என்றேன்.

மழை வந்தால் அது கலைந்துபோகும், மறுபடி வரைவேன். அக்கா, உங்கள் கண்ணாடி, தேநீர்க் குவளை எல்லாம் அந்த முகாம் பெண்ணின் மகளிடம் போய்விட்டன. எனக்கென்று நான் எடுத்துவைத்துக்கொண்டது நீங்கள் கொடுத்த அந்த ஒரு வேலையைத்தான். உங்களுக்கும் சேர்த்துத்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.