அண்ணன் நெஞ்சில் என் தோல்

தோட்டத்து மோட்டார் ரூமில் தீப்பிடித்து அண்ணனுக்கு நெஞ்சும் முதுகும் வெந்துபோனபோது, தோல் கொடுக்கிறேன் என்று முந்திக்கொண்டவள் நான்தான். மதினிக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்த குரூப், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். அண்ணனுடைய தோலையே எடுத்து வைக்கலாம், ஆனால் இன்னொரு புண்ணை அவன் உடம்பு இப்போது தாங்காது. அவன் கொஞ்சம் தேறும்வரை என் தோலை வைத்து மூடிவைப்பார்கள். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்கள் யார் காதிலும் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் எங்கள் தொழில். காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். காட்டுத் திராட்சைச் செடியின் தண்டில் பன்னீர்த் திராட்சைக் குச்சியைச் சீவிச் சொருகி, பிளாஸ்டிக் நாடா சுற்றிக் கட்டுவோம். துளிர் விட்டால் ஒட்டு பிடித்துவிட்டது. அதற்கப்புறம் குச்சி வேறு செடி வேறு என்ற பேச்சே கிடையாது. முதல் துளிரைப் பார்த்ததும் அண்ணன் வாய்க்கால் மேட்டுக் கன்னிமாருக்குத் தேங்காய் உடைப்பான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது என் தோல் அவன் நெஞ்சில் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. மதினி போனில் ஊருக்கே சொல்லிவிட்டாள். நான் தோல் எடுத்த தொடையின் எரிச்சலோடு கட்டிலில் கிடந்தபடியே ஆள்விட்டு, கன்னிமாருக்குத் தேங்காய் உடைக்க வைத்தேன். அத்தனை சந்தோஷம்.

பிறகு அது கறுத்தது. ஓரமெல்லாம் சுருண்டு உரிய ஆரம்பித்தது.

"ஏத்தா, தோல் எடுக்கும்போது குடுத்த மாத்திரையெல்லாம் ஒழுங்காத் தின்னியா?" என்றாள் மதினி, நான் என்னவோ சொத்தைக் குச்சியைக் கொடுத்து ஏமாற்றிவிட்ட மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மதினி மேல் வந்ததா, மயங்கிக் கிடந்த அண்ணன் மேல் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா முகத்தில் கவலையே இல்லை. "அவர் உடம்பு தேறுதும்மா. தீக்காயத்துல வெள்ளை அணுவெல்லாம் சோர்ந்து கிடந்துச்சு. இப்ப தெம்பு வந்துருச்சு. இது அன்னியம்னு கண்டுபிடிச்சுத் தள்ளுது."

"நானு அன்னியமா? ஒரே ரத்தந்தான டாக்டரம்மா?"

"ரத்த குரூப் வேற, இது வேற. ஒவ்வொரு செல்லு மேலயும் ஒரு அடையாளம் இருக்கு. கூடப் பொறந்தவங்களுக்கும் அது அப்படியே ஒத்துப்போகணும்னு இல்ல. அதுலயும் அடுத்தவங்க தோலை உடம்பு லேசுல ஏத்துக்காது."

ஆக, என் தோல் அழிந்தால் அண்ணன் பிழைக்கிறான் என்று அர்த்தம். அழுவதா, சாமி கும்பிடுவதா? வராண்டாவில் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன்.

அப்புறம் அவன் தொடையிலிருந்தே தோல் எடுத்து வைத்தார்கள். அது பிடித்துக்கொண்டது. தோள்பட்டையில் மட்டும் கொஞ்சம் ஆறாமல் கிடந்தது. விடுவேனா, மறுபடியும் போய் நின்றேன்.

"வேண்டாம்மா. அவர் உடம்புக்கு இப்ப உங்களைத் தெரியும். திரும்ப வச்சா இன்னும் வேகமாத் தள்ளிரும்."

தெரியாதபோது ஒட்டவிட்டு, தெரிந்த பிறகு வேகமாகத் தள்ளுவது என்ன நியாயம்? பஸ் தேனி வந்து சேரும்வரை யோசித்தேன். இன்றுவரை பிடிபடவில்லை. டாக்டரம்மா சொன்னது மூளைக்கு எட்டுகிறது, மனசுக்கு எட்டமாட்டேன் என்கிறது.

இந்த வருஷம் ஒட்டுக் கட்டும்போது அண்ணன் முழுக்கைச் சட்டையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தான். நாடா சுற்றிக்கொண்டிருந்த எனக்குத் தொடைத் தழும்பு அரித்தது. சேலைக்கு மேலேயே சொறிந்தேன். அவன் பார்த்துவிட்டான்.

"நான் தள்ளலத்தா" என்றான்.

"தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தேன். நாடாவைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.