வேலாயுதம் அடைத்த தோட்டா

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வேலாயுதத்துக்கு 'சந்தேகப் பிராணி' என்று பேர். நேரில் சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. கூட்ஸ் ஷெட்டில் அவர் தலைமைச் செக்கர். ஏறுகிற மூட்டை, இறங்குகிற மூட்டை எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். சர்க்கரை மூட்டையில் ஓட்டை போட்டு உருவிக்கொண்டு, பழையபடி தைத்து வைப்பதில் கெட்டிக்காரப் பயல்கள் இருந்தார்கள். தையலைத் தடவிப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார் வேலாயுதம். துரைக்கு அவர்மேல் அப்படியொரு பிரியம். அந்தப் பிரியம்தான் மனுஷனைக் கெடுத்தது.

ஷெட்டில் சந்தேகப்படுவது வேலை, சரி. வீட்டுக்கு வரும்போது அதைச் சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டக்கூடாதா? மாட்டமாட்டார். மீன்காரி செவுளுக்குச் சாயம் பூசுகிறாள், வண்ணான் நம் வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறான், பக்கத்து வீட்டுக்காரன் நம் சுவரில் காது வைத்துக் கேட்கிறான். பெண்சாதி தங்கமணி பதினைந்து வருஷமாக இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, 'ஆமா ஆமா' என்று சொல்லியே காலத்தை ஓட்டினாள்.

இப்படிப்பட்ட ஆளுக்குத் துப்பாக்கி ஆசை வந்தால் என்ன ஆகும்? ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று லைசென்ஸோடு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர் ஜெயராஜோடு பெட்டாலிங் பக்கம் போவார். ஜெயராஜ் தண்டவாளம் பார்க்கும் இன்ஸ்பெக்டர், கிறிஸ்தவ வேதக்காரர், சிரித்த முகம். காலைப் பூசையை முடித்துக்கொண்டு இரட்டைக் குழல் துப்பாக்கியோடு வந்து நிற்பார். ரப்பர் தோட்டத்து ஓரத்தில் சீனர்கள் போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் பாழாக்கிக்கொண்டிருந்த காலம். சுட வருகிறவர்களை அவர்கள் தேநீர் வைத்துக் கூப்பிட்டார்கள்.

ஆனால் கடைத் தோட்டாவை வேலாயுதம் தொடமாட்டார். "கப்பல்ல எத்தன மாசம் கெடந்துச்சோ. உப்புக் காத்து குடிச்சுச்சோ. உள்ள மருந்து இருக்கா மண்ணு இருக்கான்னு கடைக்காரனுக்கே தெரியாது" என்பார். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, தோட்டாவை வீட்டிலேயே தானே அடைத்துக்கொள்வார்.

மற்ற வீடுகளில் விறகு அடுக்குகிற பின்னறை, இவர் வீட்டில் தோட்டா அறை. ஜன்னலோரம் ஒரு மேசை. கதவுக்குப் பூட்டு. சாவி அரைஞாண் கயிற்றில். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் ஊரே எரிந்தாலும் எழுந்திரிக்கமாட்டார். கூட்டின் அடியில் செத்துப்போன பழைய 'கேப்பு' மூடியைத் தட்டி எடுப்பார். நெருப்புப் பிடித்துக்கொடுக்கிற புதுக் கேப்பை அந்த இடத்தில் அழுத்திப் பொருத்துவார். பிறகு மருந்து, அதன்மேல் பழைய தொப்பியை வெட்டிச் செய்த தக்கை, அதன்மேல் ஈயக் குண்டு, மேலே அட்டை வைத்து மெழுகு. அந்த மேசைமுன் இருக்கும்போது மட்டும் அவருக்கு யார்மேலும் சந்தேகம் வராது. அங்கே வேறு யாரும் இல்லையே, அதனால்.

தங்கமணியின் தம்பி ரமணி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது தகரமும் ரப்பரும் விலை விழுந்து நாடே தலையில் கை வைத்திருந்த சமயத்தில். தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லையென்றால் கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே போய்த் தின்ன என்ன இருக்கிறது? ரமணிக்கு அப்பன் ஆத்தாள் இல்லை, காணி இல்லை, அக்காள் ஒருத்திதான். தங்கமணி அழுது தீர்த்தபிறகு வேலாயுதம் துரையிடம் போய், "என் மச்சினன். நல்லவன். நான் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வாய்ச்சொல்லில் ரமணிக்கு ஷெட்டில் வேலை கிடைத்தது.

பையன் துறுதுறுப்பு. எதைப் பார்த்தாலும் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தாகவேண்டும். "அத்தான், நானும் ஒக்காந்து பாக்கட்டா? ஒண்ணையும் தொட மாட்டேன்" என்று பின்னறை வாசலில் நிற்பான்.

"தொடாதவனுக்கு எதுக்குப் பாக்கணும்?" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிக் கதவைச் சாத்துவார். ஒருநாள் ஜன்னல் கம்பிக்கு வெளியே அவன் தலை தெரிந்தது. கேட்டால், கொடியில் வேட்டி எடுக்க வந்தானாம். வேட்டி கொடியில்தான் இருந்தது. ஆனாலும் வேலாயுதம் அதை மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை அவர் விமரிசையாகக் கும்பிட்டார். துப்பாக்கி, மருந்து டின், தராசு, அன்று காலைதான் புதுக் கேப்பு பொருத்தியிருந்த வெறும் கூடுகள் எல்லாவற்றையும் பின்னறையில் வாழையிலைமேல் பரப்பி வைத்து, வழக்கம்போலத் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். சூடத்து ஒளியைக்கூடத் தங்கமணி கதவிடுக்கில்தான் பார்த்தாள். அடுத்த நாள் எல்லாவற்றையும் துடைத்து, அந்தக் கூடுகளில் மருந்தும் குண்டும் அடைத்தார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ஜெயராஜ் கையில் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. "நான் புதுசா அடைச்சது, ஒனக்குன்னு எடுத்தாந்தேன்" என்று வேலாயுதம் அந்தப் புதுத் தோட்டாக்களை அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பழசைத் தன் துப்பாக்கியில் போட்டுக்கொண்டார். அவர் இன்னொருத்தருக்குக் கையைத் திறந்து கொடுத்ததே அபூர்வம்.

லாலான் புல்லுக்குள்ளிருந்து பன்றி வந்தது. சின்னது கின்னது இல்லை, கோரைப்பல் நீண்ட கிழட்டு ஆண். ஜெயராஜ் நேர் எதிரே நின்றார். குறிவைத்து விசையை இழுத்தார். 'டிக்'. அவ்வளவுதான். இரண்டாவது குழலை இழுத்தார். அதுவும் 'டிக்'. அதற்குள் பன்றி அவர் தொடையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. வேலாயுதம் பக்கவாட்டிலிருந்து சுட்டார். அவர் தோட்டா இடி மாதிரி வெடித்தது. பன்றி விழுந்தது. யார் அதைப் பார்த்தார்கள்? சீனர்கள் ஓடிவந்து ஜெயராஜைக் கதவுப் பலகையில் தூக்கி லோரியில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வெளிறிப்போன முகத்தோடு ஜெயராஜ் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வேலு, உள்ள மருந்து போட்டியா, மறந்துட்டியா?"

மறப்பதா! யார், வேலாயுதமா? எள்ளும் கொள்ளும் வெடித்தது முகத்தில். தான் வைத்துக்கொண்டது வெடித்தது. சிநேகிதனுக்குக் கொடுத்தது வெடிக்கவில்லை. இரண்டு தோட்டாவும் ஒருசேரச் செத்திருக்கிறது. ஆண்டவன் செயலா இது? ஆள் செயல். அவர் வழக்கமாக எடுத்துக்கொள்வது புதுசைத்தான். அப்படியானால் அந்தப் பன்றி கிழிக்கவேண்டிய தொடை யாருடையது? ஜன்னல் கம்பிக்கு வெளியே தெரிந்த தலை ஞாபகத்துக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரமணியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "சாவிய எப்படா எடுத்தே? நான் குளிக்கிறப்பவா?"

"என்ன சாவி அத்தான்?"

"நடிக்காதே! தோட்டாவக் கெடுத்து வெச்சது நீ. என்னக் கொன்னுட்டு இந்த வீட்டுல கால் நீட்டி ஒக்காரலாம்னு பாத்தியா? சோறு போட்ட கைக்கே வேட்டு வெக்கிறியே, பாவி!"

ரமணி கையை விலக்கவில்லை. "எங்கக்கா தாலிமேல நான் கை வெப்பேனா அத்தான்? இதுக்கு நீங்க என்னச் செருப்பால அடிச்சிருக்கலாம்."

"அவன் அந்த அறைக்குள்ளயே போனதில்ல" என்று தங்கமணி குறுக்கே வந்தாள். "ஒங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?"

"தம்பிய விட்டுக்குடுப்பியா நீ? ரெண்டு பேரும் சேந்துதானே!" என்று அவளையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வேலாயுதம் முதல் வேலையாகத் துரைமுன் போய் நின்றார். "அந்த ரமணிக்கு இனிமே நான் பொறுப்பில்ல" என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஆளைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. மத்தியானத்துக்குள் பையனை நிறுத்திவிட்டார்கள். அவன் துணி மூட்டையோடு அம்பாங் பக்கம் ஏதோ ஈயம் தோண்டுகிற லம்பத்தில் மண் சுமக்கப் போய்விட்டதாகக் கேள்வி. அதுவும் மூடிவிட்டால் கப்பல்தான். தங்கமணி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், 'இன்னும் கொஞ்சம் வெக்கட்டா' என்று மட்டும் கேட்கவில்லை.

வேலாயுதத்துக்கு இத்தோடு ஆறவில்லை. பயலைப் போலீஸில் பிடித்துக்கொடுக்க அத்தாட்சி வேண்டும். அடுத்த ஞாயிறு, வெடிக்காத அந்த இரண்டு தோட்டாக்களையும் மேசையில் வைத்து, மெதுவாகப் பிரித்தார். உள்ளே மண் இருக்கும், ஈரம் இருக்கும், சாம்பல் இருக்கும் என்று எதிர்பார்த்தார். குண்டு சரியாக இருந்தது. தக்கை சரியாக இருந்தது. மருந்து தன் கையால் போட்டது போட்டபடி உலர்ந்து கிடந்தது. அவருக்கு எரிச்சலாக வந்தது. கடைசியாகக் கேப்பைக் கழற்றினார்.

அங்கே இருந்தது. கேப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. உள்பக்கம் ஏதோ கசிந்து வந்து மஞ்சளாய்க் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நெருப்புப் பிடிக்கிற மருந்தை அது ஊறவைத்துச் சாகடித்திருந்தது. 'மாட்டினாண்டா' என்று துள்ளினார். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

சந்தனம்.

பொருக்கை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். "சந்தனம் எடுத்துக் குடுத்தது நீதானே? இந்த வீட்டுல சந்தனம் அரைக்கிறது யாரு? இப்ப சொல்லுடி, தம்பிக்கு அரைச்சுக் குடுத்தியா இல்லியா?"

தங்கமணி அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேரே நின்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரல் கேட்டது.

"அரைச்சுக் குடுத்தேன். தம்பிக்கில்ல, ஒங்களுக்கு. ஆயுத பூசைக்கு. கிண்ணத்த வாசப்படியில வெச்சிட்டுப் போன்னு சொன்னீங்க, வெச்சேன். என்னையே உள்ள விடல. பொட்டு வெச்சது யாரு? மஞ்சத்தண்ணி தெளிச்சது யாரு? கதவத் தாப்பா போட்டுக்கிட்டு உள்ள இருந்தது யாரு?"

வேலாயுதத்துக்குக் கூடுகளைக் கேப்பு மேலே தெரியும்படி தலைகீழாக இலையில் நிறுத்தியது கண்முன் வந்தது. ஆயுதத்துக்கெல்லாம் பொட்டு வைக்கவேண்டுமல்லவா? ஒவ்வொரு கேப்பு மேலும் சந்தனத்தைக் குழைய அப்பி, குங்குமம் வைத்து, தண்ணீர் தெளித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது அவர்தான். துடைத்ததும் அவர்தான், வெளியே தெரிந்ததை மட்டும். வேறு ஒரு கை அங்கே பட்டதே இல்லை. சட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பூனையை அடித்த கதையாகக்கூட இல்லை. சட்டியைக் கவிழ்த்ததே இவர்.

"கூட்டிட்டு வாங்க" என்றாள் தங்கமணி. "இல்லாட்டி நானும் அவன்கூடவே கப்பலேறிர்றேன்."

மறுநாள் துரையிடம் போனார். தப்பு என்மேல்தான், பையன் தங்கம் என்றார். துரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீதானே வேண்டாம் என்றாய், அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் துரை அவரை அப்படிப் பார்த்ததில்லை. அன்று சாயந்தரமே பஸ் பிடித்து அம்பாங் போனார்.

லம்பத்து ஓரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொங்சி, கூலியாட்கள் மொத்தமாகத் தங்குகிற கொட்டகை. முழங்கால்வரை சேறு காய்ந்த காலோடு ரமணி வெளியே வந்தான். ஒரு வாரத்துக்குள் ஆள் இளைத்துப்போயிருந்தான். அத்தானைப் பார்த்ததும் அவன் முகத்தில் கோபம் வரும், நாலு வார்த்தை கேட்பான், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று வேலாயுதம் பஸ்ஸில் வரும்போதே மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தார். கோபம் வரவில்லை.

"வாங்க அத்தான். அக்கா சொகமா?" என்று பெட்டியைத் துடைத்து உட்காரச் சொன்னான்.

"ரமணி, அது நான்தான்பா. சந்தனம்... நான் வெச்ச சந்தனம். ஒம்மேல ஒண்ணுமில்ல. என்ன மன்னிச்சிரு. வீட்டுக்கு வா. வேல போச்சு, பரவால்ல, ஒக்காந்து சாப்புடு, யாரும் கேக்க முடியாது." சொல்லும்போதே குரல் உடைந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க" என்று ரமணி உள்ளே போனான். தகரக் குவளையில் கருப்புக் காப்பி கொண்டுவந்தான். வேலாயுதம் இரண்டு கையையும் நீட்டினார்.

அவன் குவளையை உடனே கொடுக்கவில்லை. அவர் பார்க்கும்படி தான் முதலில் ஒரு வாய் குடித்தான். விழுங்கியதும், விளிம்பைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான்.

"இப்பக் குடிங்க அத்தான்" என்றான். குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை, பெரியவருக்குக் கொடுக்கிற மரியாதையோடுதான் சொன்னான்.

வேலாயுதம் குவளையை வாங்கிக்கொண்டார். அவன் துடைத்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், காப்பி கையிலேயே ஆறிப்போனது.