ஆட்டு லாரிக்குக் காவல்

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பேருந்து நடத்துநரான என் கணவர், மறியலில் பேருந்துகள் நின்றுபோனதால் விழுப்புரத்திலேயே மாட்டிக்கொண்டார். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, கச்சிராயபாளையம் போகும் சாலையோரம் எங்கள் வீடு. அதில் நான், காய்ச்சலில் படுத்திருந்த மாமியார், என் கணவர் வளர்த்த நாய்.

அந்த நாய் வீட்டுப் பக்கத்தில் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகாது. இரவு வேலை முடிந்து வந்து அவர் சாலைக்குக் கூட்டிப்போனால்தான் போகும். இப்போது அது என் வேலையானது. கஞ்சி, துணி, மாத்திரை என்று பகல் முழுக்க ஓடிவிட்டுச் சங்கிலியை எடுக்கும்போது அழுகை முட்டும்.

அன்று பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றாள்.

"இந்நேரத்துல நாய இட்டுக்கினு எங்க போற? நரி சுத்துதுன்றாங்க."

"இன்னாக்கா பண்றது? இது வூட்டாண்ட போவ மாட்டேங்குதே. அத்தைய கொஞ்சம் பாத்துக்கோ."

நாய் அன்று வழக்கத்தைவிடத் தூரமாக இழுத்துக்கொண்டு போனது. கரும்புக்கொல்லைகளைத் தாண்டியதும் சாலையின் குறுக்கே, மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த ஒரு புளியமரம் கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு லாரி. மரத்துக்கும் லாரிக்கும் நடுவே இருபது முப்பது ஆடுகள் புளியந்தழையை மென்றுகொண்டிருந்தன. லாரி ஓட்டுநர் ஒரு தடியை ஊன்றியபடி தள்ளாடினார். அப்பா வயதிருக்கும்.

"பின்னாலயும் ஒரு மரத்தச் சாச்சுட்டாங்கம்மா. முந்தாநாள்லேர்ந்து இங்கியே கெடக்கறேன். கண்ண மூடினா நரி வந்துடுது. நேத்து ஒரு குட்டியத் தூக்கிக்கினு போயிடுச்சு."

"தொணைக்கு யாரும் இல்லீங்களா?"

"சோறு வாங்கியாரேன்னு போனவன் இன்னும் வரலம்மா."

"செத்த படுங்க. நாய் இருக்குது, நான் பாத்துக்கறேன்."

ஏன் அப்படிச் சொன்னேனோ. எனக்கும் எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. அவர் துண்டை விரித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

சிறிது நேரத்தில் கரும்புக்குள்ளிருந்து இரண்டு நரிகள் வந்தன. சைக்கிளைக் கண்டால்கூடக் குரைக்கும் எங்கள் நாய் குரைக்கவில்லை. பிடரி மயிர் சிலிர்க்க, என் காலோடு ஒட்டி நின்று உறுமியது. மண்கட்டியை எடுத்து வீசினேன். நரிகள் நாலடி விலகிப் போய்த் திரும்பி வந்தன. மறுபடி வீசினேன். மறுபடி வந்தன. கடைசியில் கையைத் தூக்கவே தெம்பில்லாமல், தடியால் லாரிப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தத்துக்கும் அவர் அசையவில்லை. நரிகள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டன. நிலா வெளிச்சத்தில் விலா எலும்பு தெரிந்தது. பயமோ இரக்கமோ வரவில்லை. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்த் தொலைந்தால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

டார்ச் வெளிச்சம் விழுந்ததும் நரிகள் கரும்புக்குள் நுழைந்துகொண்டன. அக்கா மூச்சு வாங்க வந்தாள்.

"அடிப்பாவி, உன்ன நரி தூக்கிக்கினு போயிடுச்சுன்னு ஓடியாறேன்! இங்க இன்னா பண்ற?"

விஷயத்தைச் சொன்னேன். தூங்குகிறவரை ஒருமுறை பார்த்தாள்.

"உங்கத்த தூங்கிட்டாங்க. நீயும் போயிப் படு. எங்க வூட்டுக்காரர எழுப்பி அனுப்பு. அவரு வர்ற வரைக்கும் நான் இருக்கறேன்."

அவள் கணவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு, என்னையும் ஆடுகளையும் திட்டியபடி போனார். விடியும்வரை காவல் இருந்தார். காலையில் அக்கா ஓட்டுநருக்குப் பழைய சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். மரத்தை அறுத்து வழிவிட இன்னும் ஒரு நாள் ஆனது.

அதற்குப் பிறகுதான் என் கணவர் வந்தார், பாதி தூரம் நடந்தே. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. நான் லாரி, நரி என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"நாய் ஒழுங்கா சாப்டுச்சா?" என்றார்.

கோபப்படக்கூட முடியவில்லை. அவர் காலுக்கு வெந்நீர் வைக்க எழுந்து போனேன்.