அவர் அழைத்தது என் போனுக்கு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலை நேரத்தில் பெண்களின் செல்போன்கள் லாக்கரில் இருப்பதால், அவசரத்துக்கு என் எண்ணை அவர்கள் வீட்டில் கொடுத்து வைப்பார்கள். தையல் பிரிவு மஞ்சுளாவின் கணவர் தினமும் அழைப்பார். “அக்கா, அவ சாப்ட்டாளா? யார்கூட சாப்ட்டா?” என்பார். எவ்வளவு பாசம் என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரித்தேன்.

ஒருநாள் மஞ்சுளா மதியமே கிளம்பி அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் கணவர் அழைத்துக் கேட்டதும் அதையும் சொன்னேன். மறுநாள் அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“இன்னாம்மா ஆச்சு?”

“நீங்கதானேக்கா அவர்கிட்ட சொன்னீங்க.”

வேவு பார்க்க நானே உதவியிருக்கிறேன். இப்போது எந்தக் கணவர் விசாரித்தாலும் எதுவும் சொல்லாமல், அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப் பேசுகிறேன். ஆனாலும் என் போன் அடித்தால், மஞ்சுளாவின் மெஷின் மட்டும் இன்னும் நின்றுவிடுகிறது.