ஃபெலிக்ஸ் வாத்தியார் வைத்த லவுஞ்ச் விருந்து

ஃபெலிக்ஸ் வாத்தியார் காரைக்குடியில் முப்பது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவர். வட்டி, சதவீதம், லாப நட்டம் எல்லாவற்றிலும் அவர் வகுப்பில் தூங்கியவன்கூடத் தேறிவிடுவான். அப்பேர்ப்பட்டவர்தான் வருஷத்துக்குப் பதினோராயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டணத்தில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். ஏர்போர்ட் லவுஞ்சில் இலவசமாகச் சாப்பிடலாமாம். அவர் விமானம் ஏறுவது வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஐதராபாத்தில் இருக்கும் மகள் பெனிட்டாவைப் பார்க்க.

மனுஷனை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அவர் மனசில் மூன்று வருஷமாக ஒரு முள் குத்திக்கொண்டிருந்தது. பெனிட்டா கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குப் பிரியாணி தீர்ந்துபோனது. அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் தேவகோட்டைச் சம்பந்தி அருள்பிரகாசம். அவர் முகம் சுளிக்கவில்லை. வெறும் தயிர்சோற்றைச் சாப்பிட்டு எழுந்து, "ரொம்ப நெறைவா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாத்தியார் மறந்திருப்பார். அந்த 'நெறைவு'தான் அவரை அரித்தது. ஒரு தடவையாவது சம்பந்தியை உட்காரவைத்து வயிறாரப் போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

பேரனுக்கு ஞானஸ்நானம் என்று சேதி வந்ததும் இரண்டு குடும்பமும் திருச்சியிலிருந்து ஒரே விமானத்தில் போவதாக முடிவானது. வாத்தியார் உடனே தேவகோட்டைக்குப் போன் போட்டார். கட்டுச்சோறு எதுவும் வேண்டாம், காலைப் பலகாரம்கூட வேண்டாம், அன்றைக்கு எல்லாருக்கும் தன்னுடைய விருந்து என்றார். விருந்துக்குப் போகிறவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவானா?

மனைவி அடைக்கலமேரிக்கு மட்டும் சந்தேகம். ஒரு கார்டுக்கு நாலு பேரை விடுவார்களா என்று கேட்டாள்.

"பத்திரிகையில ஏம் பேரு மட்டுந்தான் போட்டு வருது. அதுக்காக நான் ஒத்தையிலயா கல்யாணத்துக்குப் போறேன்?" என்றார் வாத்தியார். கூப்பிட்டால் குடும்பத்தோடு போவதுதானே ஊர் வழக்கம். எத்தனை பேர் வரலாம் என்று பத்திரிகை வைத்தவரிடம் எவனாவது கேட்பானா? அதனால் பாங்கில் அவர் கேட்கவில்லை, கார்டோடு வந்த புத்தகத்தைப் பிரிக்கவும் இல்லை.

விமான நிலையத்தில் நாலு பேரும் வெறும் வயிற்றோடு லவுஞ்ச் வாசலில் நின்றார்கள். கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிற தோரணையில், சம்பந்தியையும் அவர் மனைவியையும் முன்னால் விட்டு வாத்தியார் கார்டை நீட்டினார். அங்கிருந்த பெண் அதைத் தேய்த்தாள், கார்டைச் சரிபார்க்க என்று இரண்டு ரூபாய் பிடித்தாள். பிறகு, கார்டு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இலவசம், கூட வருகிறவர்களுக்குத் தலைக்கு ஆயிரத்து இருநூறு என்றாள்.

மூவாயிரத்து அறுநூறைக் கட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இலவசத்துக்காகப் பதினோராயிரத்து எண்ணூறு கட்டிய மனுஷனுக்கு, சாப்பாட்டுக்காக மூவாயிரத்து அறுநூறு கட்ட மனசு வரவில்லை. பத்திரிகை, குடும்பம் என்றெல்லாம் அந்தப் பெண்ணுக்கு விளக்கிப் பார்த்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள்.

சம்பந்திதான் பெருந்தன்மையாக இடையில் வந்தார். "நீங்க போயிச் சாப்புட்டு வாங்க சம்பந்தி. நாங்க இங்குட்டு உக்காந்திருக்கோம்."

இந்தப் பேச்சுக்கு மறுபேச்சு என்ன என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சேச்சே, நீங்க இல்லாமலா என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். வாத்தியாரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அந்த இரண்டு ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது. தேய்த்ததைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆண்டுக் கட்டணமும் அத்தோடு போச்சு. "அப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

உள்ளே ஆறிப்போன இட்லி, காய்ந்த உப்புமா, துண்டு துண்டாகக் கேக். கட்டிய காசில் கொஞ்சமாவது எடுக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் தட்டில் அள்ளினார். வெட்கம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். கணக்குதான் ஜெயித்தது, மூன்று கேக் சாப்பிட்டார். வெளியே வந்தபோது அடைக்கலமேரி அவருக்குத் தெரியாமல் கட்டிவந்த புளிச்சோற்றைச் சம்பந்திமாரோடு சாப்பிட்டு முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

ஐதராபாத்தில் ஞானஸ்நானம் முடிந்து பந்தி போட்டார்கள். இரண்டு குடும்பமும் வரிசையாக உட்கார, வாத்தியார் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தார். அருள்பிரகாசம் அவர் கையைப் பிரியமாகப் பிடித்து, வரிசையைத் தாண்டி மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே வெள்ளைத்துணி விரித்த ஒரு சின்ன மேஜை, ஒரு நாற்காலி, ஒரே ஒரு இலை.

"ஒங்களுக்குத் தனியாப் போடச் சொல்லிட்டேன் சம்பந்தி" என்றார். "நெறைவாச் சாப்புடுங்க."

பந்தியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அடைக்கலமேரி தன் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் போதும் போதும் என்று கையை மறித்தும், பரிமாறுகிறவர்கள் மூலைக்கு வந்து வந்து பிரியாணி வைத்துக்கொண்டே இருந்தார்கள்.